ரூத்தோடு நின்ற ஏடு
(சோழமண்டலக் கரையில் வேதம் – தொடர்ச்சி)

கடந்த பகுதிகளின் சுருக்கம்: டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் ஆணையோடு 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்க், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்று, 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். கோட்டைத் தலைவர் ஹாசியஸோடு ஏற்பட்ட பூசலில் நான்கு மாதங்கள் டேன்ஸ்போர்க் கோட்டைச் சிறையில் கிடந்தும், 1711 மார்ச் 31ஆம் நாள் அம்மொழிபெயர்ப்பை முடித்தார். 1715இல் அது முழு நூலாக அச்சேறியது. இப்போது அவர் கையில் இருப்பது அதைவிடப் பன்மடங்கு பெரிய பணியாகிய பழைய ஏற்பாடு.

ஒரே கரை, பழகிய பெயர்கள்

தரங்கம்பாடியிலிருந்து தெற்கே கடலோரமாகச் செல்லும் வழி காரைக்காலைக் கடந்து நாகூரையும், அதற்கு அப்பால் அன்று டச்சுக்காரர் வசமிருந்த நாகப்பட்டினத்தையும் அடைகிறது. தரங்கம்பாடிக்கும் நாகூருக்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவுதான் என்றாலும், சமய வாழ்வில் அவ்விரு ஊர்களும் இரு வேறு உலகங்களின் வாசல்களாக இருந்தன.

16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து மறைந்த சூஃபி ஞானியும், நாகூரார் அன்போடு ‘எஜமான்’ என்று அழைக்கும் இறைநேசருமான ஷாகுல் ஹமீது அடங்கிய தர்கா, சீகன்பால்கின் காலத்திற்கு முன்பே கடலோடிகளும் வணிகர்களும் நேர்ந்துகொண்டு வரும் தலமாகிவிட்டிருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் (ஆட்சி 1739–1763) கட்டுவித்த உயர்ந்த மினாரா அப்போது எழும்பியிருக்கவில்லை. ஆயினும் அந்தக் கரையில் வாழ்ந்த மரைக்காயர் குடும்பங்களுக்கு இப்ராஹீம், மூஸா, தாவூது, சுலைமான், யூனுஸ் ஆகிய நபிமார்களின் பெயர்கள் தாலாட்டிலேயே பழகியவை. விவிலியம் ஆபிரகாம், மோசே, தாவீது, சாலொமோன், யோனா என்று வழங்குவதும் இவர்களையே.

ஆகவே, இறைவன் தன் சொல்லை மனிதர் வாயிலாக அனுப்புகிறான் என்னும் நம்பிக்கையைக் காவிரிக் கழிமுகத்திற்கு முதலில் கொண்டுவந்தவர்கள் ஐரோப்பியர் என்று எண்ணுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. சீகன்பால்கும் இதை அறிந்திருந்தார். அவர் சேகரித்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் எழுதிய அட்டவணையில் இசுலாமியரின் தமிழ் நூல்களுக்கும் இடம் உண்டு. இசுலாமிய அறிஞர்களோடு அவர் நடத்திய சமய உரையாடல்களும் பின்னர் ஐரோப்பாவில் அச்சாயின.

ஆனால் இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. விவிலியத்தில் தீர்க்கதரிசிகள் இருவகைப்படுவர். மோசே, எலியா போன்றோரின் வாழ்வும் செயலும் வரலாற்று நூல்களுக்குள் கதையாகச் சொல்லப்படுகின்றன. ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், ஆமோஸ் போன்றோரோ தம் பெயரிலேயே நூல்களை உடையவர்கள். அவர்களை அறிஞர்கள் ‘எழுத்துத் தீர்க்கதரிசிகள்’ என்பர். இவர்களுள் யோனாவாகிய யூனுஸ் நபியின் பெயர் குர்ஆனில் உண்டு. ஏசாயா, எரேமியா, ஆமோஸ் ஆகியோரின் பெயர்கள் அதில் இல்லை.

கத்தோலிக்கக் குருமார் தமிழில் வேதபோதக நூல்களும், மன்றாட்டுகளும், புனிதர் வரலாறுகளும் எழுதியிருந்தபோதிலும், தீர்க்கதரிசன நூல்களை முழுமையாகத் தமிழில் தந்திருக்கவில்லை. எனவே 1719ஆம் ஆண்டு பிறந்தபோது, இறைத்தூதர் பலரின் பெயரை அறிந்திருந்த இந்தக் கடற்கரையில் ஏசாயாவின் குரலையும் ஆமோஸின் குரலையும் தமிழில் படிக்க வழியில்லை.

எட்டாம் நூலின் ஓரத்தில்

புராட்டஸ்தாந்தார் ஏற்கும் பழைய ஏற்பாட்டில் 39 நூல்கள் உள்ளன. ஆதியாகமத்தில் தொடங்கிய சீகன்பால்க், மோசேயின் ஐந்து ஆகமங்களையும் யோசுவாவையும் நியாயாதிபதிகளையும் கடந்து, எட்டாவதாகிய ரூத்தின் நூல்வரை வந்து சேர்ந்தார். தீர்க்கதரிசன நூல்களாகிய பதினேழும் இன்னும் வெகு தூரத்தில் இருந்தன.

ரூத் என்பது பஞ்சத்தில் தொடங்கி அறுவடையில் முடியும் சிறு நூல். கணவனை இழந்த அயல்நாட்டுப் பெண்ணொருத்தி, மாமியாரைக் கைவிடாமல் பெத்லகேமுக்கு வந்து, அறுத்த வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கி இருவர் வயிற்றையும் கழுவுகிறாள். கதிர் பொறுக்கிப் பிழைப்பவர்களை ஆண்டுதோறும் கண்ட தஞ்சை நாட்டிற்கு இந்தக் கதையில் அந்நியமாக ஒன்றுமில்லை.

அந்த இடத்தில்தான் எழுத்தாணி நின்றது.

காரணங்கள் பல. ஓயாத உழைப்பும் வெப்ப நாட்டு நோய்களும் அவர் உடலை அரித்திருந்தன. அதற்கு மேலாக, கோபன்ஹேகனில் இருந்த மிஷன் அலுவலகத்தின் செயலர் கிறிஸ்தியன் வென்ட், போதகர்கள் அப்போஸ்தலரைப்போல ஏழ்மையில் அலைந்து திரிய வேண்டுமே தவிர, கோவிலும் பள்ளியும் அச்சகமும் நிறுவிப் பணத்தைச் செலவிடலாகாது என்னும் கருத்தோடு கடுமையான கடிதங்களை எழுதினார். 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்து அர்ப்பணித்த சில மாதங்களுக்குள், அந்தக் கடிதங்களின் சுமை நோயுற்றிருந்த மனிதர் மீது இறங்கியது.

1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் வயதில் சீகன்பால்க் தரங்கம்பாடியில் உயிர்நீத்தார். அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய தோழர் யோவான் எர்ன்ஸ்ட் கிரண்ட்லர் பணியைத் தாங்கினார். அவரும் 1720 மார்ச்சில் மறைந்தார். பதின்மூன்று மாதங்களுக்குள் இரு தூண்களும் சாய்ந்தன. மொழிபெயர்ப்பின் கையெழுத்துப்படி ரூத்தோடு நின்றபடியே இருந்தது.

கடின மனத்தவர் ஒருவர்

கிரண்ட்லர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1719 செப்டம்பரில் மூவர் கப்பலிலிருந்து இறங்கினர்: பெஞ்சமின் சூல்ச்சே, நிக்கோலாஸ் டால், ஹென்ரிக் கிஸ்டன்மாக்கர். இவர்களுள் கிஸ்டன்மாக்கர் 1722இல் இறந்தார். டால் அமைதியானவர். பொறுப்பு முழுவதும் சூல்ச்சேயின் தோளில் விழுந்தது.

சூல்ச்சே எளிதில் அன்பு செலுத்தத்தக்க மனிதர் அல்லர். ஹாலே நகரில் பயின்று வந்த அவர் மொழிகளை விரைந்து கற்கும் ஆற்றல் மிக்கவர் என்றாலும், தம் கருத்தே சரி என்னும் பிடிவாதமும், உடன் பணியாற்றுவோரோடு ஒத்துப்போகாத இயல்பும் கொண்டிருந்தார். முன்னோடியின் மொழிபெயர்ப்பையே திருத்தத் துணிந்தவர்.

ஆயினும் அவர் எடுத்த ஒரு முடிவு இந்த வரலாற்றின் திருப்புமுனையாக அமைந்தது. தமிழ் நாட்டுக்கு வந்து நெடுநாள் ஆகாத நிலையில், பொறுப்பைப் பகிர ஆளில்லாமல், பள்ளிகளையும் சபையையும் கணக்குகளையும் சுமந்துகொண்டே, ரூத்துக்கு அடுத்த நூலாகிய முதலாம் சாமுவேலிலிருந்து பழைய ஏற்பாட்டைத் தொடர்வது என்று அவர் தீர்மானித்தார். ‘மொழியில் முதிர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர் ஒத்திவைத்திருந்தால், தமிழில் தீர்க்கதரிசிகளின் வருகை இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப் போயிருக்கக்கூடும்.

அவசரத்தின் விலை மொழியில் தெரிந்தது என்பதும் மறைக்கக்கூடியதன்று. தமிழ் உதவியாளர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாக்கியம் வாக்கியமாக முன்னேறிய அந்த மொழிபெயர்ப்பு, 1725 அளவில் முழுமை பெற்றது.

அச்சகத்திலும் தொடக்கம் முதலே நெருக்கடிதான். ஹாலேயிலிருந்து 1713இல் வந்த தமிழ் எழுத்துகள் பெரியனவாக இருந்து தாளை விழுங்கியதால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அவற்றுக்கு வேண்டிய ஈயம், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளின் ஈய உறைகளை உருக்கிப் பெறப்பட்டது. பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் முயன்று பார்க்கப்பட்டது. இத்தகைய சிக்கனத்தோடு, 1723 முதல் 1728 வரை, பழைய ஏற்பாடு பகுதி பகுதியாக வெளிவந்தது. இந்திய மொழிகளுள் முழு விவிலியத்தையும் முதன்முதலாக அச்சில் பெற்ற மொழி என்னும் பெருமை அதனால் தமிழுக்கு உரியதாயிற்று.

அதன் இறுதிக் கட்டம் நிறைவேறியபோது சூல்ச்சே தரங்கம்பாடியில் இல்லை. 1725இல் வந்த புதிய மிஷனெரிகளோடு பிணங்கி, 1726இல் அவர் சென்னைக்குப் போய்விட்டார். ஒருவர் தொடங்கி, வேறொருவர் தொடர்ந்து, பிறர் அச்சிட்டு முடித்த நூலாகவே தமிழ்த் தீர்க்கதரிசிகள் பிறந்தனர்.

நெல் நாட்டில் ஆமோஸ்

இந்த நூல்கள் எந்த மண்ணில் வந்து இறங்கின என்பதை நின்று நோக்க வேண்டும்.

ஆமோஸ் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் யூதாவின் தெக்கோவா என்னும் ஊரில் மந்தை மேய்த்து, காட்டத்தி மரங்களைப் பராமரித்துப் பிழைத்தவர். குருகுலத்தில் பயின்றவர் அல்லர். இரண்டாம் எரொபெயாமின் ஆட்சியில் வடக்கு இஸ்ரவேல் செல்வத்தில் திளைத்திருந்த நாளில், அவர் அங்கே சென்று பேசினார்.

அவர் சாட்டிய குற்றங்கள் வானத்தைப் பற்றியவை அல்ல. களத்துமேட்டையும் கடைவீதியையும் பற்றியவை. தானியம் விற்பவர்கள் பண்டிகை நாள் எப்போது கழியும் என்று காத்திருக்கிறார்கள். கழிந்ததும் மரக்காலைச் சிறிதாக்குகிறார்கள், எடைக்கல்லைப் பெரிதாக்குகிறார்கள், கள்ளத் தராசைப் பிடிக்கிறார்கள், கோதுமையோடு பதரையும் விற்றுக் காசாக்குகிறார்கள். கடன்பட்ட ஏழையை வெள்ளிக்கும், ஒரு சோடிச் செருப்பின் விலைக்கும் வாங்குகிறார்கள். இத்தகையோர் நடத்தும் விழாக்களும் பலிகளும் பாடல்களும் கடவுளுக்கு அருவருப்பு என்பதே ஆமோஸின் தீர்ப்பு.

மரக்காலும் பதரும் என்னவென்று தஞ்சை நாட்டு உழவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. விளைச்சலைக் கலக்கணக்கில் அளந்து, பங்கைப் பிரித்து, பண்ணையாளுக்குக் கூலியைக் குறுணியாகவும் படியாகவும் கொடுத்த நாட்டில், அளக்கும் கையின் நேர்மையில்தான் ஒரு குடும்பத்தின் சோறு இருந்தது. மனிதரை விற்பதும் இக்கரைக்குப் பழங்கதை அன்று. 1658இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனி, அந்த நூற்றாண்டின் பஞ்ச காலங்களிலும் போர்க் காலங்களிலும், சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து பட்டினியால் விலைபோன மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது. கப்பலேற்றியவர்கள் கையில் விவிலியம் இருந்தது. கப்பலேறியவர்களால் அதைப் படிக்க இயலாதிருந்தது.

ஆகவே, ஆமோஸ் தமிழில் பேசத் தொடங்கியது ஒரு நூல் அச்சான செய்தியோடு முடிவதன்று. இதுவரை ஐரோப்பியர் தமிழரை நோக்கி வேதத்தைக் கொண்டு கேள்வி கேட்டனர். இனி, தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அதே வேதத்தைக் கொண்டு ஐரோப்பியரை நோக்கிக் கேள்வி கேட்கலாம்.

அந்தக் கேள்வி முதலில் நிற்க வேண்டிய இடம் புதிய எருசலேம் ஆலயமே. அங்கே வேளாளர் முதலிய சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் ஒருபுறமும், பறையர் குலத்திலிருந்து வந்தவர்கள் வேறுபுறமுமாகப் பிரிந்து அமர்ந்தனர். மிஷனெரிகள் இதை நாட்டு வழக்கம் என்று பொறுத்துக்கொண்டனர். பலி வேண்டாம், நீதி வேண்டும் என்று முழங்கிய தீர்க்கதரிசிகளின் நூல்களை அச்சிட்ட சபை, தன் தரையில் கிழித்த கோட்டை அழிக்கவில்லை.

ஞானம் எங்கே கிடைக்கும்?

பழைய ஏற்பாட்டில் தீர்க்கதரிசன நூல்களுக்கு அடுத்து எண்ணத்தக்கவை ஞான நூல்கள். யோபு, நீதிமொழிகள், பிரசங்கி ஆகிய இவை, வாழ்வின் ஒழுங்கையும் துன்பத்தின் புதிரையும் ஆராய்பவை. யோபின் நூலில் ஒரு பகுதி, பூமியைக் குடைந்து வெள்ளியும் பொன்னும் எடுக்கத் தெரிந்த மனிதனுக்கு ஞானம் இருக்கும் இடம் தெரியவில்லை என்றும், ஆழ்கடலைக் கேட்டாலும் அது தன்னிடம் இல்லை என்றே சொல்லும் என்றும், அதன் வழியைக் கடவுள் ஒருவரே அறிவார் என்றும் கூறுகிறது. நீதிமொழிகளோ அதே ஞானத்தை, நாற்சந்தியிலும் ஊர்வாசலிலும் நின்று எல்லாரையும் கூவி அழைக்கும் பெண்ணாகக் காட்டுகிறது.

ஒன்று எட்டாதது என்கிறது, மற்றொன்று தெருவிலே நிற்கிறது என்கிறது. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல என்பதற்குத் தீர்க்கதரிசிகளே சாட்சி. கடவுளின் ஞானத்தை மனிதன் தோண்டி எடுக்க முடியாது. ஆனால் அது தானே இறங்கி, கற்றோரல்லாத மேய்ப்பன் ஒருவனின் வாயில் வந்து தெருவில் நிற்கும்.

எரேமியாவின் வாழ்வில் இதற்கு ஓர் அழுத்தமான காட்சி உண்டு. கி.மு. 605 அளவில், எரேமியா சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தர் பாருக் ஒரு சுருளில் எழுதினார். அடுத்த ஆண்டின் குளிர்காலத்தில் அந்தச் சுருள் யோயாக்கீம் அரசன் முன் படிக்கப்பட்டது. கணப்புச் சட்டியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று நான்கு பத்திகள் படிக்கப்படும்தோறும் அரசன் எழுத்தரின் கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் எறிந்தான். முழுச் சுருளும் சாம்பலானபின், எரேமியா வேறொரு சுருளை எடுத்துப் பாருக்கிடம் கொடுத்து, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். முன்னிருந்ததைவிட அதிகமான சொற்கள் அதில் சேர்ந்தன.

தரங்கம்பாடியில் சுருளை எரித்த அரசன் இல்லை. நோயும், தொலைதூர அலுவலகத்தின் கடிதங்களும், அடுத்தடுத்து வந்த மரணங்களும் அந்த வேலையைச் செய்தன. ஆனாலும் இரண்டாவது கை வந்து ஏட்டை எடுத்தது. அந்தக் கை சாந்தமானதாகவோ, தமிழில் தேர்ந்ததாகவோ இருக்கவில்லை. பிடிவாதமும் அவசரமும் உடைய ஒருவரைக் கொண்டும் இந்தப் பணி நிறைவேறியது என்பதில், மனிதத் தகுதியைக் கடந்து செயல்படும் தெய்வ ஞானத்தைக் கிறிஸ்தவ மனம் காண்கிறது. அதற்காக அந்த மனிதரின் குறைகளை வரலாறு மன்னித்து மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. தீர்க்கதரிசிகளின் நூல்கள் தம் நாயகர்களின் குறைகளை மறைப்பதில்லை.

1728

1728இல் பழைய ஏற்பாட்டோடு இணைத்துத் தள்ளுபடி ஆகமங்களும் அச்சாயின. கிரேக்க மொழியில் வழங்கி, எபிரேய விவிலியத்தில் இடம்பெறாத நூல்களுக்குப் புராட்டஸ்தாந்தார் இட்ட பெயர் அது. கத்தோலிக்கர் அவற்றுள் பெரும்பாலானவற்றை இணைத்திருமுறை நூல்கள் என்று ஏற்பர். சாலொமோனின் பெயரால் வழங்கும் ஞான ஆகமமும், சீராக்கின் ஞான நூலும் அவற்றுள் அடங்கும். பிற்காலப் புராட்டஸ்தாந்துத் தமிழ் விவிலியங்களில் பொதுவாகக் காணப்படாத இந்நூல்கள், லுத்தரன் அச்சகத்திலிருந்தே அன்று தமிழருக்குக் கிடைத்தன. தஞ்சை மராட்டியப் படையில் சேர்வைக்காரராக இருந்த இராஜநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல்களைப் படித்து அந்தச் சபையில் சேர்ந்ததும் இதே காலத்தில்தான். போதகர் போக முடியாத தஞ்சை நாட்டுக்குள் அச்சிட்ட நூல் போய்க்கொண்டிருந்தது.

சுலைமான் நபியின் ஞானத்தைத் தமிழ்க் காப்பியமாக்கிய வண்ணக்களஞ்சியப் புலவரின் ‘இராஜநாயகம்’ 1807இல்தான் வரவிருந்தது. எனவே சாலொமோனின் ஞானம் இந்தக் கரைக்குத் தமிழ் உரைநடையில் முதலில் வந்து, ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப்பின் தமிழ்ச் செய்யுளில் இசுலாமியர் வழியாக வந்தது. ஒரே ஞானியை இரு சமயத்தாரும் தமிழில் போற்றிய மண் இது.

ஆனால் அந்த 1728ஆம் ஆண்டிலேயே, காவிரி நாட்டிலிருந்து ஒரு கடுமையான எதிர்க்குரல் எழுந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘தேம்பாவணி’யைப் பாடி முடித்திருந்த கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவர், ‘வேத விளக்கம்’ என்னும் நூலை எழுதி, தரங்கம்பாடியாரின் கொள்கையை மறுத்ததோடு, அவர்களுடைய வேதத்தின் தமிழ் கற்றோர் காதுக்கு ஒவ்வாதது என்றும் இடித்துரைத்தார்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. சூல்ச்சேயின் தமிழ் கரடுமுரடானது என்பதைப் பின்வந்த லுத்தரன்களே ஒப்புக்கொண்டனர். யோவான் பிலிப் பப்ரிசியஸ் முழு விவிலியத்தையும் புதிதாகத் தமிழாக்க நேர்ந்ததும் அதனாலேயே. ஆயினும் வீரமாமுனிவரின் கண்டனம் வேறொரு பெரிய கேள்வியையும் எழுப்புகிறது. மேய்ப்பனாகிய ஆமோஸ் தமிழில் பேசவேண்டுமானால், அவர் புலவர் தமிழில் பேசவேண்டுமா, களத்துமேட்டில் நெல் அளப்பவனும் அளந்து வாங்குபவனும் பேசும் தமிழில் பேசவேண்டுமா? அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு: புலவருக்கா, போதகருக்கா, படிக்கப் போகும் ஏழைக்கா?

(தொடரும்)